படிக்க உட்கார்ந்தாலே படபடக்கும் பிள்ளைகளுக்கு

தேர்வு நெருங்கும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஃபோனை எடுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிவிடுகிறோம். பல நேரம் அது சோம்பல் இல்லை, பயம். திறந்தால் நெஞ்சு படபடக்கிறது, மூடினால் அடங்குகிறது. அந்த நிம்மதிக்கு மூளை பழகிவிட்டால், அடுத்த முறை புத்தகத்தைப் பார்த்தாலே படபடப்பு வரும்.

"தைரியமா இரு" என்பதால் ஒன்றும் ஆகாது. வேலையைச் சிறிதாக்கிக் கொடுங்கள்: ஒரே ஒரு கணக்கு, 10 நிமிடம். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது எழுந்துவிடாமல், கொஞ்சம் தணிந்த பிறகு எழுவது முக்கியம்.

மூச்சுப் பயிற்சியைத்தான் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். "நல்லா மூச்சை இழு" என்றதும் வேகவேகமாக நெஞ்சு நிறைய இழுப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும். அதனால்தான் அந்த நேரத்தை நீட்டுகிறோம். 5 நிமிடம் போதும். மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே பழகியிருந்தால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில், தூக்கத்தை வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரமே தள்ளிப்போவதால், சீக்கிரம் தூக்கம் வராதது அடம் அல்ல. ஆனால் மாலையில் குடித்த காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். லீவு நாளில் மதியம்வரை தூங்கினால் அன்றிரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் 2 வாரத்துக்கு மேல் சோர்வோ எரிச்சலோ விடாமல் இருந்தால், பிடித்த விளையாட்டுகூட வேண்டாமென்றால், மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவே வரலாம். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளைக் கைக்கெட்டாமல் எடுத்துவையுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.