கைட்லைனின் கடைசிப் பக்கம்

எந்த நோய்க்கு எப்படி வைத்தியம் செய்ய வேண்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லும் மருத்துவ கைட்லைன் எதைத் திறந்தாலும் நான் முதலில் போவது கடைசிப் பக்கத்துக்குத்தான். எழுதியவர்கள் எந்தெந்தக் கம்பெனியிடம் பணம் வாங்கினார்கள், இந்த வேலைக்கே செலவு செய்தது யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் கிடக்கும். ஸைக்ரிஸ் என்ற மருந்தின் கதையைப் படித்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

கிருமித் தொற்று முற்றி உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் செப்சிஸுக்காக எலை லில்லி என்ற மருந்துக் கம்பெனி கொண்டுவந்த மருந்து அது. 2001-இல் வெளிவந்த ஆய்வில் 1,690 நோயாளிகள். 28 நாளுக்குள் இறந்தவர்கள், மருந்து போட்டவர்களில் 24.7 சதவீதம், போடாதவர்களில் 30.8. நல்ல வித்தியாசம்தான், ஆனால் ரத்தக்கசிவு ஆபத்தும் இருந்தது. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவில் வாக்கு பத்துக்குப் பத்து என்று சரிபாதியாகப் பிரிந்தும், மருந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 7,000 டாலர் ஆகும் என்பதால் டாக்டர்கள் தயங்கினார்கள், விற்பனை படுத்துவிட்டது.

அப்புறம்தான் லில்லி அமர்த்திய விளம்பர நிறுவனம் ஒன்று உள்ளே வந்தது. 2002-இல் 'சர்வைவிங் செப்சிஸ்' என்ற பிரச்சாரம் தொடங்கியது, அதற்கான பணத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் லில்லி கொடுத்தது. 2004-இல் அந்தப் பிரச்சாரத்தின் பெயரிலேயே கைட்லைனும் வந்தது. ஆதாரத்தின் வலுவைப் பார்த்து ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏ முதல் இ வரை தரம் போட்டிருந்தார்கள். அதில் ஸைக்ரிஸுக்குக் கிடைத்த தரம் பி. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போடுவதற்குக் கிடைத்தது இ, அதாவது கடைசித் தரம். ஆன்டிபயாடிக் போடாமல் விட்டு யாரும் ஆய்வு நடத்த முடியாது, அதனால் அதற்கு உயர்ந்த தர ஆதாரமும் இல்லை. கம்பெனி காசில் நடந்த ஒரே ஒரு பெரிய ஆய்வு அதை முந்திவிட்டது. விதிப்படி பார்த்தால் எல்லாம் சரிதான், அதுதான் எரிச்சல்.

2006-இல் ஐக்கேக்கர், நட்டன்சன், டேனர் என்ற மூவர் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் இதைப் போட்டு உடைத்தார்கள். 2008 பதிப்பு கம்பெனிப் பணம் இல்லாமல் தயாரானது, ஸைக்ரிஸுக்கான பரிந்துரையும் வெறும் யோசனையாக இறங்கியது. 2011-இல் வந்த மறு ஆய்வில் மருந்து போட்டவர்களில் 26.4 சதவீதமும் போடாதவர்களில் 24.2 சதவீதமும் இறந்திருந்தார்கள். மருந்தை லில்லியே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது.

எழுதிய டாக்டர்கள் எல்லாரும் விலைபோனவர்கள் என்று நான் சொல்லவில்லை. செப்சிஸைச் சீக்கிரம் கண்டுபிடித்து வைத்தியம் தொடங்கும் பழக்கம் பரவியதில் அந்தப் பிரச்சாரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் 'இன்ன கம்பெனியில் பேச்சுக் கட்டணம் பெற்றேன்' என்று எழுதிவிட்டால் போதுமா, பந்திக்கே செலவு செய்தவர் யார் என்று தெரிய வேண்டாமா? 2004-இல் வந்த கொலஸ்ட்ரால் கைட்லைன் திருத்தத்தில் அதுகூட இல்லை. குழுவில் ஒன்பது பேர், எட்டுப் பேருக்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளைச் செய்யும் கம்பெனிகளோடு பணத் தொடர்பு; கட்டுரையில் ஒரு வரி கிடையாது, சத்தம் எழுந்த பிறகுதான் இணையத்தில் பட்டியல் போட்டார்கள்.

சரி, பணம் வாங்கியதை வெளிப்படையாகச் சொல்கிறவர்களும் தொகையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு லட்சம் டாலரும் கடைசிப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அமெரிக்க டாக்டர் என்றால் 2014 முதல் அரசின் ஓப்பன் பேமென்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தொகையையே பார்க்கலாம். நம் ஊர் டாக்டர் பெயரைப் போட்டுப் பார்க்க அப்படி ஒரு தளம் இல்லை.