ஃபியோனா: எதை வெப்பமாதலின் கணக்கில் எழுதுவது?

2022 செப்டம்பர் 18
கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் தென்மேற்கில் ஃபியோனா புயல் கரையேறியது. அட்லாண்டிக்கின் கடும் புயலான ஹரிக்கேனைக் காற்று வேகப்படி ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். இது பலம் குறைந்த முதல் வகைதான், ஆனாலும் தீவு முழுக்க மின்சாரம் இல்லை. பயம் காற்றைவிட மழையால்தான். காற்று 1 டிகிரி சூடானால் அதில் தங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். புயல் அதைச் சுற்றுவட்டாரத்திலிருந்து இழுத்து ஓரிடத்தில் கொட்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: மழையில் புவி வெப்பமாதலின் பங்கு உண்டு.

செப்டம்பர் 21
நான்காம் வகையாகிவிட்டது. ‘ஹரிக்கேன்களின் எண்ணிக்கை கூடிவிட்டதா’ என்ற கேள்வி மறுபடி வருகிறது. பழைய பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. செயற்கைக்கோள் வருமுன் கப்பல் கண்ணில் படாத புயல் கணக்கில் ஏறவில்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையும் நீண்டகால எண்ணிக்கை பற்றி உறுதி சொல்லவில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்றாம் வகையும் அதற்கு மேலுமான புயல்களின் விகிதம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது.

செப்டம்பர் 23
அட்லாண்டிக் தீவான பெர்முடாவுக்கு மேற்கே கடந்து, வடக்கே மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அட்லாண்டிக்கில் வடக்கே ஓடும் வெந்நீரோட்டமான வளைகுடா நீரோட்டத்தைத் தாண்டியதும் கடல் குளிர்ந்துவிடும். 26 டிகிரிக்குக் கீழே ஹரிக்கேனுக்குத் தீனி குறையும். மெதுவாகப் போனால் தானே கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்து தளர்ந்துபோகும். இது அதற்கு நேரம் கொடுக்கவில்லை. போதாததற்கு மேற்கிலிருந்து வரும் மேலடுக்குத் தாழ்வு இதன் உச்சியிலிருந்து காற்றை வெளியே இழுக்கிறது. இனி பலத்தில் ஒரு பங்கு கடல் சூட்டிலிருந்தல்ல, குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் இடத்திலிருந்து. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவைத் தொடும்போது இலக்கணப்படி இது ஹரிக்கேனாக இருக்காது. பெயர் மாறுவதால் வேகம் குறையாது. காற்று இன்னும் அகலமாகப் பரவும்.

செப்டம்பர் 24
விடியுமுன் நோவா ஸ்கோஷியாவில் கரையேறியது. அங்குள்ள ஹார்ட் தீவில் காற்றழுத்தம் 932 மில்லிபாரை ஒட்டி இறங்கியது. கனடாவில் இதற்குமுன் மிகக் குறைவு 940.2, அது 1977 ஜனவரியில் வந்த குளிர்காலப் புயல். சூடான கடல் இல்லாமலும் அழுத்தம் இதை ஒட்டி இறங்கும். ஆகவே இந்த எண்ணை மட்டும் காட்டி ‘பார், காலநிலை மாற்றம்’ என்பது பிழை.

தண்ணீர்க் கணக்கு வேறு. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும். வழக்கமான அழுத்தம் 1013. அதில் 932 போக 81. மையத்தின் அடியில் மட்டும் 81 செ.மீ. அதன்மேல் காற்று தள்ளும் நீர், அதன்மேல் அலை. நாளை மகாளய அமாவாசை, கடல் ஏற்றமும் பெரிது.

செப்டம்பர் 25
நியூஃபவுண்ட்லாந்தின் போர்ட் ஓ பாஸ்கில் நேற்று வீடுகள் கடலுக்குள் போயின. ஆழம் கூடினால் அலை தூரத்தில் உடையாமல் கரைக்கு இன்னும் கிட்டே வந்து உடையும். அடித்தளத்தின் மண்ணை அரிப்பது அதுதான். கடல்மட்டம் ஒரு சாண் உயர்ந்திருந்தாலே அங்கே வித்தியாசம் தெரியும். நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ள கடல்மட்ட அளவுகோலில் ஒரு நூற்றாண்டில் 30 செ.மீ.க்கு மேல் ஏறியிருக்கிறது. பனியுகத்துப் பனிப்பாளம் உருகிப் போன பிறகு அங்கே நிலமும் தாழ்ந்துவருவதால், அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மீதியை வெப்பமாதல் பெயரில் எழுத வேண்டும்.