சொல்யூஷனுக்குமா டீச்சர்?

போதையிலிருந்து மீண்ட ஒருவரை மேடையேற்றிப் பேசவைக்க வேண்டாம் என்று ஹெச்.எம்.மிடம் முதலிலேயே சொன்னேன். சும்மா சொல்லவில்லை. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் 2018இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளே, பயமுறுத்தலும் மீண்டவர்களின் சாட்சியமும் பலன் தருவதில்லை என்கின்றன. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பெடுத்தார்கள். ஆய்வு செய்து பார்த்தால், படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

ஜூன் 26, போதை எதிர்ப்பு நாள் என்றால் ஒரு கூட்டம் நடத்தியாக வேண்டும். நடந்தது. கலைந்து போகும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடவே வந்தான்.

"அந்த அண்ணா விட்டுட்டாரே டீச்சர். அப்போ விட்டுறலாம்தானே?"

பாருங்கள், நான் பயந்தது இதைத்தான். "விடலாம், ரொம்பக் கஷ்டப்பட்டுதான்" என்றேன்.

"சொல்யூஷனுக்குமா டீச்சர்?"

சொல்யூஷன் என்றால் தோல் ஒட்டும் பசை. அதை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வார்கள்.

"யாருடா அது?"

"சும்மா கேட்டேன்." போய்விட்டான்.

'யாரு' என்று கேட்டது சரிதானா? அது போலீஸ்காரர் கேட்கிற கேள்வி. ஆனால் பெயர் தெரியாமல் நான் யாருக்கு என்ன செய்வது? சிகரெட்டைப் பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003லேயே சட்டம் வந்துவிட்டது. சொல்யூஷன் இங்கே தாராவியில் தோல் பட்டறைச் சரக்கு, அதை யார் தடுப்பது? 2019இல் வந்த எய்ம்ஸ் அறிக்கைப்படி, பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருக்கும் ஒரே போதை இப்படி முகர்வதுதான்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58.

பலன் தருவது எது என்று எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் சின்னச் சின்ன வகுப்புகள், பிள்ளைகளே பேசுவது, நடித்துப் பார்ப்பது, சிநேகிதன் நீட்டும்போது எப்படி மறுப்பது, 'எல்லாரும்தான் பண்றாங்க' என்பது பொய்யென்று அவர்களே கண்டுபிடிப்பது. அந்த வகுப்புகளை நான் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே ஒரு பிள்ளைகூட சொல்யூஷன் என்று வாயெடுத்ததில்லை. நான் வேண்டாமென்ற பேச்சுக்குப் பிறகுதான் ஒருவன் வந்து கேட்டான். ஒரு பையனை வைத்து ஆய்வு பொய்யாகிவிடாது. சரி, அவனுக்கு அந்த ஆய்வால் என்ன பிரயோஜனம்?

இந்த வருஷமும் அவரையே கூப்பிடலாமா என்றார் ஹெச்.எம். கூப்பிடுங்கள், மறுநாள் எட்டாம் வகுப்பில் எனக்கு இரண்டு பீரியட் கொடுங்கள் என்றேன். கணக்கையும் சயன்சையும் தொட முடியாதாம், பி.டி. பீரியட் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமாம். அதைப் பிடுங்கினால் பையன்கள் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.