வீங்கியது விதையா, பின்னால் இருக்கும் குழாயா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஆண்களுக்கு விதைப்பை வீங்கினால், "செம்பனைக் குலை தூக்கியதில் பிசகிவிட்டது" என்று தைலம் தேய்த்தே நாளைக் கடத்துவார்கள். கூச்சம் வேறு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்காகக் கிளினிக்குக்கு வந்தாலும் அங்கே இருப்பது கர்ப்பிணிகளைப் பார்க்கும் வளைந்த புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் கைக்கருவி) என்றால் பயன் குறைவு, அது ஆழத்துக்கானது. விதைப்பைக்கு 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர் புரோப் வேண்டும்.

படுக்கவைத்து, விதைப்பைக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். ஜெல் வெதுவெதுப்பாக இருக்கட்டும்; சில்லென்று பட்டால் விதை மேலே ஏறிக்கொள்ளும். வலியில்லாத பக்கத்தை முதலில் பாருங்கள். மெதுவான ரத்த ஓட்டமும் தெரியும்படி, ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரின் வேக அளவையும் ஃபில்டரையும் அங்கேயே குறைத்து வைத்துக்கொண்டு, எதையும் மாற்றாமல் மறுபக்கம் போகவேண்டும். நடுவில் மாற்றினால் நல்ல விதைகூடச் செத்ததுபோலத் தெரியும். இரண்டு விதைகளையும் ஒரே படத்தில் குறுக்காக எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கிருமி பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையிலிருந்து விந்துக்குழாய் வழியே வருகிறது. அதனால் விதையின் பின்னால் ஒட்டியிருக்கும் சுருள்குழாயான எபிடிடிமிஸின் வால் பகுதிதான் முதலில் வீங்கும். அவசரத்தில் அந்தக் குழாயின் தலையை மட்டும் அளந்து, 10, 12 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வால் தடித்து, படத்தில் கருமை கூடி, நிறம் கொட்டினாற்போல் ஓட்டம் தெரிந்தால் எபிடிடிமைட்டிஸ், அதாவது அந்தக் குழாயின் அழற்சி. அது முற்றினால் விதைக்கும் பரவும்.

பொன்னுக்கு வீங்கியில் கதை தலைகீழ்: கன்னம் வீங்கிச் சில நாளில் விதை நேரடியாக வீங்கும், குழாய்க்குப் பெரும்பாலும் அவ்வளவு பாதிப்பு இருக்காது. வலி குறைவாக, மெதுவாக வளர்ந்து, குழாய் முடிச்சுமுடிச்சாக, சுண்ணாம்புப் புள்ளிகளோடு தெரிந்தால், வழக்கமான ஆன்டிபயாட்டிக்கிலும் அடங்காவிட்டால், காசநோயை நினைக்கவேண்டும். ஸ்கேன் சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதி செய்வது பரிசோதனைக்கூடம். யானைக்கால் என்று சிலர் பயப்படுவார்கள். மலேசியாவில் அதற்குப் பெரும்பாலும் காரணமான புருகியா மலாயி என்ற புழு காலைத்தான் பிடிக்கும், விதைப்பைக்கு அரிதாகவே வரும்.

நடுவில் ஓட்டமே இல்லாத கறுப்புப் பகுதி, சுற்றிலும் கூடுதல் ஓட்டம் என்றால் சீழ்க்கட்டி. இனிப்பு நீர் உள்ளவர்களிடம் இதைத் தேடிப் பார்க்கவேண்டும். அவர்களுக்குத் தோலுக்கடியில் காற்றுப் புள்ளிகள் பளிச்சிட்டு, கலங்கலான நிழல் விழுந்தால் ஃபோர்னியே அழுகல், அதாவது அந்தப் பகுதித் தசை வேகமாக அழுகும் ஆபத்தான தொற்று. தோல் கறுத்தோ, தொட்டால் நொறுநொறுவென்றோ இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அறுவை சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் விதை முறுக்கு (விதை தன் ரத்த நாளத்தோடு முறுக்கிக்கொள்வது) இல்லை என்று தெரியவேண்டும், விதையைக் காப்பாற்றக் கிடைப்பது சுமார் 6 மணி நேரம். முறுக்கில் ஓட்டம் குறையும் அல்லது நின்றுவிடும். ஆனால் தானாகப் பிரிந்த முறுக்கில் ஓட்டம் பெருகி, கிருமித் தொற்றுபோலவே ஏமாற்றும். கவட்டையிலிருந்து விதைவரை நாளத்தைத் தொடர்ந்து, சுழல்போல எங்காவது சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பையனுக்குத் திடீரென்று வலி வந்திருந்தால், படம் என்ன சொன்னாலும் உடனே அறுவை மருத்துவர் பார்க்கவேண்டும்.

மருந்து முடிந்த பிறகும் விதைக்குள் கருந்திட்டு மிஞ்சியிருந்தால், அது புற்றுக்கட்டியா என்று பார்க்க மறுபடி ஸ்கேன் செய்யவேண்டும்.