சிற்றலைக்கு ஒரு பலகை

மார்ச் 3
கோவளத்தில் இன்று காலையும் அலை முழங்காலுக்கு மேல் எழவில்லை. என் ஆறடி அலைச்சறுக்குப் பலகை மூக்கிலும் வாலிலும் நன்றாக மேல்நோக்கி வளைந்தது. செங்குத்தாகச் சரியும் அலையில் மூக்கு குத்தாமல் காக்கும் அதே வளைவு, தளர்ந்த அலையில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நின்றுவிடுகிறது. புதிய பலகையை நானே செதுக்கப் போகிறேன்.

மார்ச் 5
மிதப்பைக் கூட்டினால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகைமேல் படுத்துக் கையால் நீரை வலிக்கும்போது மிதப்பு உதவும் என்றாலும், எழுந்து நின்றபின் குறைந்த வேகத்திலும் பலகையை நீரின்மேல் வழுக்கிச் செல்ல வைப்பவை அகலமும் வளைவு குறைந்த அடிப்பாகமுமே. எனவே 1967-இல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ், முழங்காலிட்டு ஓட்டுவதற்காக வடித்த 'ஃபிஷ்' வடிவத்தை எடுத்துக்கொண்டேன். நீளம் 5 அடி 8 அங்குலம், அகலம் 21½, தடிமன் 2⅝. மிதப்பு ஏறத்தாழ 36 லிட்டர் வரும். அகன்ற வால் திரும்புவதற்கு முரண்டு பிடிக்கும். அதை நடுவில் மீன்வாலாகப் பிளந்துவிட்டால், சாயும் பக்கத்து முனை மட்டும் ஒடுங்கிய வாலைப்போல் நீரைப் பற்றும்.

மார்ச் 10
தெர்மாகோல் கட்டியைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து முடித்தேன். ஓரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியபோதுதான் வலப்பக்கம் சற்றுப் பருத்திருப்பது தெரிந்தது.

மார்ச் 14
பாலியஸ்டர் ரெசின் என்னும் பிசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் எபாக்சி ரெசினைக் கலந்து, கண்ணாடி இழைத் துணியைக் காலை எட்டு மணிக்குப் போர்த்தினேன். அதுவே பிழையாயிற்று. வெயில் ஏற ஏற, தெர்மாகோலுக்குள் இருந்த காற்று விரிந்து வெளியேறி, மேற்பரப்பெங்கும் குண்டூசித் தலையளவு குமிழிகளைக் கிளப்பிவிட்டது. அரைநாள் தேய்த்துத் துளைகளை அடைத்தேன்.

மார்ச் 16
அடிப்பக்கத்தை மாலை ஆறு மணிக்குப் போர்த்தினேன். சூடு இறங்கும் நேரத்தில் உள்ளிருக்கும் காற்று சுருங்கி ரெசினை உள்ளிழுத்துக்கொள்ள, துணி பளிங்காகப் படிந்தது. மகிழ்ச்சியில் நெடுநேரம் விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24
பலகையின் அடியில் மீன்துடுப்பு போல் நிற்கும், அடிப்பாகம் அகன்ற இரண்டு கீல் ஃபின்களையும் பதித்து, ரெசின் நன்கு இறுகியபின் இன்று கடலில் இறக்கினேன். முழங்கால் உயர அலைதான். ஆனால் நான்கு முறை கையால் நீரை வலித்ததுமே பலகை எழும்பி, பழைய பலகை நின்றுபோகும் தட்டையான பகுதியையும் கடந்து படகுகள் ஏற்றிய மணல் வரை கொண்டுவந்தது. திருப்பத்தில் மட்டும் நீர் வாலோரத்தில் ஒட்டிச் சுற்றிக்கொள்வது காலடியில் தெரிகிறது. கடைசி ஒரு சாண் ஓரத்தில் ரெசின் வார்த்துக் கூராக்க வேண்டும். நாளை மாலை, வெயில் தாழ்ந்த பிறகு.