பதில் சொல்லாத திரை

04.08.2025, திங்கள், கிளிநொச்சி

அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி ஒருவர் உரப்பைக்குள் சுற்றி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வீரி 220 (VT220). டிஜிற்றல் கம்பனி 1983இல் விட்ட டெர்மினல், அதாவது வயர் வழியாக ஒரு கணினியோடு பேசுகிற திரையும் கீபோர்ட்டும். 83 என்றால் எங்களுக்கு வருகிற ஞாபகம் வேறு. கொழும்பில் பழைய இரும்புக் கடையொன்றில் வாங்கினாராம்.

"அண்ணை, லப்டொப்பில இருந்து எழுத்து வருது. நான் அடிக்கிறதும் திரையில தெரியுது. ஆனா என்டர் அடிச்சா ஒரு பதிலும் இல்லை."

கரண்ட் கொடுத்தேன். ஒரு பீப், கொஞ்ச நேரத்தில் நடுத் திரையில் 'வீரி 220 ஓகே'. ஜாம் போத்தல் விளக்கின் மஞ்சள். தன்னைத் தானே சோதித்துவிட்டுத்தான் அப்படி எழுதும். ஆனால் பின்பக்கத்து வயரைப் பற்றி அந்த ஓகேக்கு ஒன்றும் தெரியாது.

05.08.2025, செவ்வாய்

இரண்டு பக்கமும் எழுத்து போய்வருகிற வேகம் வினாடிக்கு 9600 பிற். லப்டொப்பின் லினக்ஸில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற லொகினை நிறுத்திவிட்டு முதல் கட்டளையை அனுப்பினேன்: எஸ்கேப், ஹாஷ், 8. திரை முழுக்க ஆங்கில 'ஈ'. 24 வரி, வரிக்கு 80, மொத்தம் 1920 'ஈ'. படம் கோணாமல் நிற்கிறதா என்று பார்க்க வைத்த கட்டளை இது. வலது கீழ் மூலை கொஞ்சம் வளைந்திருக்கிறது. உள்ளே கை வைத்துத் திருத்தப் போவதில்லை. படக்குழாயில் தேங்கி நிற்கிற மின்சாரத்தோடு எனக்கு விளையாட்டில்லை.

அப்புறம் நலம் விசாரித்தேன்: எஸ்கேப், சதுர அடைப்பு, 5, சின்ன 'என்'. சுகமென்றால் 5 இருந்த இடத்தில் 0 போட்டுத் திருப்பி அனுப்பும், பழுதென்றால் 3. இரண்டும் வரவில்லை. 'ஈ' வந்தபடியால் காது கேட்கிறது. வாய்தான் சந்தேகம்.

மத்தியானம் திரை அப்படியே உறைந்துவிட்டது. அரை மணித்தியாலம் தலையைப் பிய்த்த பிறகுதான் பார்த்தால், நானே எஃப்1ஐ அமத்தியிருக்கிறேன். திரையை நிறுத்திப் பிடிக்கிற விசை அது.

07.08.2025, வியாழன்

சோளகம் அடித்துக் கடை முழுக்கப் புழுதி. கேபிளைக் கழற்றி, பெட்டியின் 25 முள் இணைப்பில் 2ஆம் முள்ளையும் 3ஆம் முள்ளையும் மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றினேன். 2 அனுப்பும், 3 வாங்கும். சொன்னது அதற்கே திரும்பிக் கேட்கவேண்டும். ஒரு 'ஏ' அடித்தேன். இரண்டு 'ஏ' வந்தது.

விசை துள்ளுகிறதாக்கும் என்று கீபோர்ட்டைக் கவிழ்த்துத் தட்டினேன். நாலு அரிசி விழுந்தது, 'ஏ' குறையவில்லை. கம்பியைக் கழற்றி அடித்தால் ஒரு 'ஏ'. கம்பியே இல்லாமல் எப்படி? எஃப்3 அமத்தி டெர்மினலின் அமைப்புப் பட்டியலுக்குள் போனால், லோக்கல் எக்கோ போட்டிருக்கிறது. அடித்த எழுத்தைத் தானே திரையில் போட்டுக்கொள்ளும். தம்பியை ஏமாற்றியதும் இதுதான். நிறுத்தினேன். இப்போது கம்பி இருந்தால் ஒரு 'ஏ', இல்லாவிட்டால் வெறும் திரை. பெட்டிக்கு வாய் இருக்கிறது.

கேபிளைப் பூட்டி, மறுமுனையின் 9 துளையில் 2க்கும் 3க்கும் பேப்பர் கிளிப் செருகினேன். ஒன்றும் இல்லை. சரி, கள்ளன் கேபிள்தான்.

08.08.2025, வெள்ளி

25 முள் பக்கத்துக் கவசத்தைக் கழற்றினால், 2ஆம் முள்ளின் ஈயப் பொட்டு பச்சைக் களிம்பு. வயர் அறுந்து, ரப்பர் உறையின் தயவில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. நுனியை வெட்டி, சுரண்டி, புதிதாக ஈயம் வைத்தேன். மறுபடி நலம் விசாரித்தால் லப்டொப்பில் 0. 'நீ யார்' என்கிற கட்டளைக்கு 62இல் தொடங்கும் பதில். 220இன் அடையாளம் அது.

பின்னேரம் தம்பி வந்து திகதி கேட்கிற கட்டளையை அடித்தார். திகதி வந்தது. இன்னொருமுறை அடித்துப் பார்த்தார்.

300 ரூபா சொன்னேன். மினக்கெட்டதற்குக் குறைவுதான். எஃப்1 அமத்தின அரை மணித்தியாலத்தைக் கழித்தால் கணக்குச் சரி.