திண்ணைச் சதுரங்கம்: தீபாவளி முதல் மேட்டூர்த் தண்ணீர் வரை

2024 தீபாவளிக்கு மறுநாள், பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கும்போது, பழைய துணிப்பையில் கட்டி வைத்திருந்த மரச் சதுரங்கக் காய்கள் என் கையில் கிடைத்தன. அவை என் மாமனாருடையவை. அவருக்கு அவருடைய தகப்பனார் வாங்கிக் கொடுத்தவை. முப்பத்திரண்டு காய்களில் ஒரு கறுப்புச் சிப்பாய் மட்டும் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். மன்னார்குடிக் கடைவீதியில் வாங்கிய ரெக்சின் விரிப்பைத் திண்ணையில் விரித்து, அன்று மாலை மாமாவும் நானும் முதல் ஆட்டத்தைத் தொடங்கினோம். அதற்கு முன் எனக்குத் தெரிந்தவை தாயமும் பல்லாங்குழியும்தான். சதுரங்கத்தில், மகள் பள்ளியிலிருந்து வந்து சொல்லிக் கொடுத்த அளவுக்குக் காய்களின் நடை மட்டும் தெரியும். போட்டிக்குப் போகும் எண்ணமோ, தரப்புள்ளி பெறும் ஆசையோ இல்லாமல், வீட்டில் மகிழ்ச்சிக்காக மட்டும் ஆடினால் இந்த ஆட்டம் எவ்வளவு தூரம் கைக்கு வரும் என்று பார்ப்பதே என் நோக்கமாக இருந்தது. எட்டு மாதக் குறிப்பேட்டைப் புரட்டி இதை எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு சிக்கல் எழுந்தது. நான் சிப்பாயை முதல் நகர்வில் இரண்டு கட்டம் தள்ளியபோது, "அதென்னம்மா, ரெண்டு கட்டம் தாண்டுது?" என்று மாமா கேட்டார். அவர் கற்றது பழைய நாட்டு முறை. அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும், காஸ்லிங் (ராஜாவை ஓரமாக ஒதுக்கி, மூலையில் நிற்கும் யானையை அதன் மறுபக்கம் கொண்டுவரும் நகர்வு) கிடையாது, அதற்குப் பதிலாக, இன்னும் ஒரு செக்கும் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப்போலத் தாவலாம். கடைசி வரிசையை அடைந்த சிப்பாய், தான் நிற்கும் நெடுவரிசைக்கு உரிய காயாகவே மாறும். குதிரை வரிசையில் போய்ச் சேர்ந்தால் குதிரைதான் கிடைக்கும். அந்த முறையில் எந்தச் சிப்பாயைக் கடைசிவரை காப்பாற்றுவது என்பதே தனிக் கணக்கு. பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் இத்தகைய முறையில் ஆடிப் பழகியவர். இங்கிலாந்து சென்று அங்குள்ள விதிகளுக்கு மாறிய பிறகு 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார். இதை மாமாவிடம் சொன்னதும், "அப்ப நானும் மாத்திக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆட்டம் மட்டும் பழைய முறையில்தான் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அது இன்று வரை அப்படியே நடக்கிறது. எனக்கும் அந்த நிதானமான தொடக்கம் மிகவும் பிடித்துவிட்டது.

வீட்டுக்கென்று சில விதிகளையும் வகுத்துக்கொண்டோம். கடிகாரம் வைப்பதில்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ஆனால் ஆளுக்கு ஓர் ஆட்டத்தில் ஒரு முறை நகர்வைத் திரும்பப் பெறலாம். முடியாத ஆட்டத்தைக் கலைக்காமல், பூனை தட்டிவிடாதபடி பிரம்புக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடர்வோம். இந்தக் கூடை விதிதான் எனக்குப் பேருதவியாக இருந்தது. அடுப்பில் உலை கொதிக்கும்போதும், தையல் இயந்திரத்தின் முன் இருக்கும்போதும், மூடிய கூடைக்கடியில் நிற்கும் நிலையை மனத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. சில நாட்களில் பலகையின் முன் உட்கார்ந்து கண்டுபிடிக்காத நகர்வை ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும்போது கண்டுபிடித்திருக்கிறேன்.

நகர்வுகளை எழுதிவைக்கக் கற்றதைத்தான் உண்மையான தொடக்கம் என்று சொல்வேன். கட்டங்களுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்தும், ஒன்று முதல் எட்டு வரை எண்ணும் உண்டு என்று மகள் காட்டினாள். காய்களுக்குத் தமிழ் எழுத்தே போதும் என்று நான் முடிவு செய்தபோது, ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே 'ரா' வந்து நின்றது. ஆகவே ராஜாவுக்கு 'ஜா', ராணிக்கு 'ணி', மந்திரிக்கு 'ம', குதிரைக்கு 'கு', யானைக்கு 'யா' என்று வைத்துக்கொண்டேன். மூலையில் நிற்பதை மகள் கோட்டை என்கிறாள். மாமா யானையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. எழுதுவது நான் என்பதால் யானை நிலைத்தது.

முதல் முப்பது ஆட்டங்களில் இருபத்தேழில் தோற்றேன், இரண்டில் வென்றேன், ஒன்று சமன். அந்த இரண்டு வெற்றிகளும் மாமா கண்ணாடியை மறந்துவிட்டு ஆடிய மாலைகளில் கிடைத்தவை என்பதால் அவற்றை நான் கணக்கில் வைப்பதில்லை. தோற்றவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாகப் பார்த்தபோது காரணம் எளிதில் தெரிந்தது. பெரும்பாலானவற்றில் முதல் பத்து நகர்வுகளுக்குள் என் ராணி மூன்று, நான்கு முறை நகர்ந்திருந்தது. மந்திரியும் ராணியும் சேர்ந்து எஃப்7 கட்டத்தில் தாக்கி நான்கே நகர்வில் ஆட்டத்தை முடிக்கும் வழியை நான் கற்றிருந்தேன். ஒவ்வொரு நாளும் அதையே முயன்றேன். மாமா குதிரையை எஃப்6 கட்டத்தில் வைத்து என் ராணியை விரட்டிக்கொண்டே தம் காய்களை வெளியே கொண்டுவந்துவிடுவார். நான் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் படை திரட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு இத்தாலியத் தொடக்கம் எனப்படும் முறைக்கு மாறினேன்: ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாய் இ4, குதிரை எஃப்3, மந்திரி சி4, பிறகு காஸ்லிங். ராணி வீட்டில் இருக்கும். மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். இந்த ஒரு மாற்றத்தால் ஆட்டங்கள் இருபது நகர்விலிருந்து நாற்பது நகர்வுக்கு நீண்டன. தோல்வி குறையவில்லை, ஆனால் தோல்விக்கு முன் ஓர் ஆட்டம் நடந்தது என்ற நிறைவு வந்தது.

காஸ்லிங் செய்த பிறகும் ஒரு தொல்லை தொடர்ந்தது. ராஜாவுக்கு முன் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நின்றதால், மாமாவின் யானை கடைசி வரிசையில் நுழைந்ததும் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போய்விடும். இப்படி ஐந்து முறை தோற்ற பிறகு மாமாவே சொன்னார்: "ராஜாவுக்கும் ஒரு கொல்லைக் கதவு வேணும்மா." ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைப்பதுதான் அந்தக் கதவு. அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த நகர்வுக்கு அதுவே பெயர்.

நவம்பர் கடைசி வாரத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறுவதற்கு முந்தைய நாட்களில், டெல்டா முழுவதும் விடாமல் மழை பெய்தது. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. மாமா காலையில் மண்வெட்டியுடன் சென்று வரப்பை வெட்டிவிட்டு, வடிகாலில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, நனைந்து திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் திண்ணையில் அமர்வார். நான் சுக்குக் காபி வைத்துவிட்டுக் கூடையை எடுப்பேன். அந்த வாரத்தில் ஒரு நாளைக்கு மூன்று ஆட்டங்கள் ஆடினோம். பயிரைப் பற்றி அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனால் அவருடைய நகர்வுகளைப் பார்த்தால், அன்று வயலில் தண்ணீர் எவ்வளவு வடிந்தது என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. திருமணமாகிப் பதினாறு ஆண்டுகளில் மாமாவும் நானும் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் எதிரெதிரே அமர்ந்ததில்லை. அந்த வாரத்துப் பக்கங்களில் மைகூடச் சற்றுக் கலங்கியிருக்கிறது. ஆயினும் குறிப்பேட்டில் நான் மிகுதியாகத் திரும்பிப் பார்ப்பவை அவைதான்.

அதே நாட்களில் சிங்கப்பூரில் சென்னையின் குகேஷும் அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரெனும் உலகப் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 12 அன்று, திருக்கார்த்திகைக்கு முதல் நாள், கடைசியான பதினான்காவது ஆட்டத்தை மகளின் கைப்பேசியில் மூவரும் பார்த்தோம். சமனாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்த நிலையில், 55ஆவது நகர்வில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றிக்கொண்டு, மந்திரிகளையும் மாற்றும்படி செய்தார். மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்; குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பதினெட்டு வயதில் அவர் உலக சாம்பியன் ஆனார். அந்த ஒரு யானை நகர்வால் டிங் எப்படித் தோற்றார் என்று புரியாமல் நாங்கள் அந்த நிலையைத் திண்ணையில் அடுக்கினோம். அடுக்கிய பிறகுதான், யானைகள் வெளியேறியதும் மந்திரிகளின் மாற்றத்தைத் தடுக்க வழியில்லை என்பது எங்களுக்கு விளங்கியது. மயிலாடுதுறையில் 1969இல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் தம் தாயாரிடம் இந்த ஆட்டத்தைக் கற்றவர் என்று மகளுக்குச் சொன்னேன். "நான் உனக்குக் கத்துக் கொடுத்தது தலைகீழா இருக்கே" என்றாள் அவள்.

அந்த ஆட்டத்தின் விளைவாக மார்கழி முழுவதும் எங்கள் பயிற்சி மாறியது. மற்றக் காய்களை எல்லாம் பையில் போட்டுவிட்டு, இரண்டு ராஜாக்களையும் ஒரே ஒரு சிப்பாயையும் மட்டும் வைத்து ஆடினோம். பார்வைக்கு இது வெறுமையாகத் தோன்றும். ஆனால் சதுரங்கத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய இன்பம் இங்கேதான் இருந்தது. ராஜாக்கள் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறதோ அவர் வழி விட்டாக வேண்டும். பிற ஆட்டங்களில் முறை கிடைப்பது நன்மை. இங்கே அதுவே சுமை. சிப்பாய்க்கு முன்னால் தன் ராஜா ஆறாம் வரிசையை அடைந்துவிட்டால், முறை யாருடையதாக இருந்தாலும் அந்தச் சிப்பாய் ராணியாகிவிடும். ஓரச் சிப்பாய் மட்டும் இதற்கு விலக்கு. எதிரி ராஜா மூலையில் போய் அமர்ந்துவிட்டால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இவற்றைச் சொல்லக் கேட்டு நான் ஏற்கவில்லை. ஒவ்வொன்றையும் இருபது முறை ஆடிப் பார்த்து, மாமா முகத்தில் "ஆமாம், சரிதான்" என்ற சம்மதத்தைக் கண்ட பிறகே எழுதி வைத்தேன்.

தை பிறந்ததும் அறுவடை. மூன்று வாரம் பலகை மூடியே கிடந்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு முடித்த பிறகு, மாசியில் ஒரு நாள் திருப்பூவனூர் சென்று வந்தோம். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் வழியில் உள்ள ஊர் அது. அப்பர் பாடிய தலம். அங்கே இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத அரசகுமாரி ராஜராஜேஸ்வரியைச் சித்தர் வடிவில் வந்த சிவபெருமான் ஆட்டத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். அந்த ஆட்டம் எத்தனை நகர்வில் முடிந்திருக்கும் என்று மகள் கேட்டதற்கு, "பழைய முறைதானே, சீக்கிரத்துல முடிஞ்சிருக்காது" என்று மாமா பதில் சொன்னார். வரும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றியே நினைவு. அதுவரை வீட்டில் யாரும் அவளுக்கு ஈடு கொடுக்காமல், ஒரு நல்ல ஆட்டத்துக்காக எத்தனை நாள் காத்திருந்திருப்பாள்!

பங்குனியில் நடந்த 84ஆவது ஆட்டத்தை நான் முழுமையாக வென்றேன். இரண்டு தரப்பிலும் ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சியிருந்தன. ஏ வரிசையில் எனக்குத் தடையில்லாத ஒரு சிப்பாய் இருந்தது. முன்பென்றால் யானையைச் சிப்பாய்க்கு முன்னால் வைத்து இழுத்திருப்பேன். இம்முறை பின்னால் வைத்தேன். சிப்பாய் ஒவ்வோர் அடி முன்னேறும்போதும் என் யானைக்கு இடம் கூடியது, முன்னால் நின்று தடுத்த அவருடைய யானைக்கு இடம் குறைந்தது. 61ஆவது நகர்வில் மாமா தம் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, குறிப்பேட்டை வாங்கி முதலிலிருந்து படித்துப் பார்த்தார். என் 'ஜா'வும் 'ணி'யும் அவருக்குப் பழகியிருந்தன. நாற்பதாவது நகர்வைக் காட்டி, "இங்கேயே போயிடுச்சும்மா" என்றார். அவர் காட்டிய இடம் சரியானது. அதை நான் ஆடும்போது கவனித்திருக்கவில்லை.

சித்திரையில் ஒரு தவறான வழியிலும் சென்றேன். ஒவ்வோர் ஆட்டத்தையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றிப் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு நகர்வுக்கும் அது மதிப்பெண் போட்டது; எனக்குப் பிடித்த நகர்வுகளில் பாதிக்குச் சிவப்புக் குறி விழுந்தது. இரண்டு வாரங்களில், திண்ணையில் அமர்ந்திருக்கும்போதே செயலி என்ன சொல்லும் என்று நினைக்க ஆரம்பித்தேன். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதை மறந்தேன். போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு அது இன்றியமையாத கருவி. வீட்டு ஆட்டத்துக்கு அது ஒவ்வாது என்பது என் உறுதியான கருத்து. இப்போது மாதத்துக்கு ஓர் ஆட்டத்தை மட்டும், அதுவும் நாங்கள் இருவரும் பேசி முடித்த பிறகு, மகள் ஏற்றிப் பார்க்கிறாள்.

இதுவரை முடிந்தவை 117 ஆட்டங்கள். மாமா வென்றவை 71, நான் வென்றவை 29, சமன் 17. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, கல்லணை வழியாக வெண்ணாற்றில் வந்த தண்ணீர், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து பாமணியாற்றிலும் இறங்கிவிட்டது. மாமா விடிவதற்கு முன்பே குறுவை வேலைக்குப் போய்விடுகிறார். 118ஆவது ஆட்டம் 23 நகர்வுகளுடன் கூடைக்கடியில் மூன்று நாட்களாக நிற்கிறது. முறை என்னுடையது. ஹெச்7 கட்டத்தில் மந்திரியைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். புளியங்கொட்டைச் சிப்பாய் நிற்பதும் அந்தக் கட்டத்தில்தான்.